காரைமேட்டு அறிக்கையில் இருக்கும் பெயர்

காரைமேட்டுக் காட்டை, மரம் நடுகிறோம் என்று சொல்லி அழித்தார்கள். அழித்த பிறகு அந்த மண்ணில் கரிமம் கூடிவிட்டது என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மண்ணைச் சோதித்தவர் என்ற இடத்தில், வசந்தகுமாரி அம்மாவின் பெயர் இருக்கிறது. அது தவறு, அறிக்கையைத் திருத்துங்கள், இல்லையென்றால் என் பெயரையாவது எடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. சென்ற வாரம் அவர் இறந்துபோனார். பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்குக் கை ஓடும். அஞ்சலி என்றால் இறந்தவரைப் பற்றி நல்ல வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று ஒருவர் போனில் அறிவுரை சொன்னார். அவர் தொடங்கிக்கொள்ளட்டும்.

அம்மாவின் மகள் நித்யா போன் செய்தபோது நான் நாற்றங்காலில் சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். “அம்மா போயிட்டாங்க மாமா” என்றாள். சரிம்மா என்றேன். எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றப் பாத்திகளுக்கும் தண்ணீர் விட்டேன். நனைந்த பாத்தியையே திரும்பத் திரும்ப நனைக்கிறேன் என்று களை எடுத்துக்கொண்டிருந்த பெண் சொன்ன பிறகுதான் குழாயை மூடினேன். மாமல்லபுரம் வந்து செங்கல்பட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இதை எழுதும்வரை அழுகை வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் சிலருக்கு அவரைப் பாதிதான் தெரியும். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்ததால் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, கணவர் போன பிறகும் ஊர் திரும்பாமல் செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டவர். கரிசல் மண்ணில் பிறந்த பெண்ணுக்கு எங்கள் சரளையிலும் மணலிலும் என்ன இருந்ததோ தெரியாது. கிராமங்களில் அவருக்கு மண்ணு மேடம் என்று பெயர். கடைசிவரை அதுதான் பெயர்.

எனக்கும் அவருக்கும் முதல் நாளே சண்டை. கடலோரத்தில் எனக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தெரிந்துகொண்டதெல்லாம் வேளாண்மைச் சிறு வெளியீடுகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும். அதனால் படித்தவர்கள் எதிரில் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன். அன்று வெட்டு முடிந்து ஜேசிபி வைத்து வேர்க்கட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் சவுக்கை வெட்டினால் அடிக்கட்டையையும் பிடுங்கிச் செங்கல் சூளைக்கு அனுப்புவதுதான் வழக்கம். தரையும் அடுத்த நடவுக்குச் சுத்தமாகிவிடும். அந்த அம்மா ரோட்டில் நின்று பார்த்தார். பிறகு நேரே வந்து, கட்டை பிடுங்கிய குழி ஒன்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். மண்ணைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் முதலில் அதில் உட்காருவார். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

“அண்ணாச்சி, மரத்த வித்தீங்க, சரி. மண்ணையும் சேத்தா விக்கீங்க?” என்று கேட்டார்.

எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். எனக்கு மண்ணைவிட முதலில் உறைத்தது அதுதான்.

“நான் இன்னா கடையா வெச்சிகினு கீறேன்? எழுந்து வாம்மா, மிஷின் நிக்குது” என்றேன்.

எழவில்லை. உட்கார்ந்தபடியே விளக்கினார். நிற்கிற மரத்தில் உள்ள கரிமம் என்றைக்காவது அடுப்புக்கோ சூளைக்கோ போய்ப் புகையாகிவிடும். சருகும் வேரும் மக்கி, மண்ணோடு மண்ணாக ஒட்டி நிற்பதுதான் நீண்டகாலம் தங்கும். அதைத்தான் மண்ணின் கரிமம் என்று அளக்கிறோம். மண்ணைப் புரட்டிப் போட்டால், அதுவரை மூடிக் கிடந்ததற்கு வெயிலும் காற்றும் பட்டு, நுண்ணுயிர்கள் அவசரமாகத் தின்று, காற்றாக வெளியே விட்டுவிடும். கடற்கரை மணலில் தங்குவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் வெட்டுக்கு வெட்டு நீங்கள் கிளறிவிடுகிறீர்கள் என்றார். கட்டையை விட்டால் கறையான் வரும் என்றேன். “வரட்டுமே, அதுக்கும் ஒரு பொழப்பு வேண்டாமா?” என்றார். நான் மசியவில்லை. அவரும் மசியவில்லை. அந்த முறை ஒரு வரிசையில் மட்டும் கட்டை அப்படியே நின்றுவிட்டது. அவர் சொன்னதற்காக இல்லை, மிஷின் பழுதாகிவிட்டது. அவர் அதைத் தனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு வருடா வருடம் வந்து அந்த வரிசையில் மண் எடுத்துப்போனார். நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

காரைமேட்டுக் காட்டை எனக்குக் காட்டியவரும் அவர்தான். மதுராந்தகம் போகிற வழியில், ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சரளை மேடு அது. ஊர்ப் பொது நிலம். காரை, களா, சூரை என்று முட்புதர்கள் பின்னிக்கொண்டு கிடக்கும். பெரும்பாலும் இடுப்பு உயரம். உள்ளே போனால் வேட்டி கிழியாமல் திரும்ப முடியாது. இதையா காடு என்கிறீர்கள் என்று சிரித்தேன். அவர் ஒரு களாப் புதரடியில் உட்கார்ந்து சருகை விலக்கி, ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, மண்ணை உருவி என் உள்ளங்கையில் போட்டார். மேட்டின் வெளி ஓரத்தில் செங்கல் நிறத்தில் இருந்த மண், உள்ளே காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. பிடித்தால் பிடி நின்றது. என் தோப்பு மணல் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

“இந்தக் காட்டோட உசரத்த அண்ணாந்து பாக்கக் கூடாது அண்ணாச்சி. குனிஞ்சு பாக்கணும்” என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னதை நான் எதிர்த்துப் பேசாமல் கேட்ட இடங்கள் குறைவு.

அரசுப் பதிவில் அந்த இடத்துக்குத் தரிசு என்று பெயர். ஊர்க்காரர்களுக்கும் அது பொட்டைக்காடுதான். ஆடு மேய்ப்பார்கள், களாப்பழம் பறிப்பார்கள், மற்றபடி மதிப்பில்லை. தன் ஆலைப் புகைக்கு ஈடாக எங்காவது மரம் நட்டுக் கணக்குக் காட்ட வேண்டியிருந்த ஒரு கம்பெனிக்காக, மரம் நட்டுக் கொடுக்கும் திட்டக்காரர்கள் வந்தார்கள். தரிசைக் காடாக்குகிறோம் என்றார்கள். ஊராட்சியில் கூட்டம் போட்டபோது அம்மா எழுந்து, இங்கே காடு இருக்கிறது, இதைக் கிளறாதீர்கள், நட வேண்டுமென்றால் ஏற்கெனவே உழுது வீணாய்ப் போன நிலத்தில் நடுங்கள் என்று சொன்னார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. காப்பி கொடுத்தார்கள். பிறகு ஜேசிபி வந்தது. புதரை வேரோடு வாரிக் குவித்துக் கொளுத்தினார்கள். தரையை ஆழ உழுதார்கள். வரிசையாகக் குழி வெட்டி, குழிக்குள் ஏரி வண்டலும் மக்கிய சாணமும் நிரப்பிக் கன்று நட்டார்கள். நடுவில் விட்ட இடமெல்லாம் வெயிலில் கிடந்தது.

அதன் பிறகும் மண்ணைச் சோதித்துத் தரச் சொல்லி அவரிடமே வந்தார்கள். காடு இருந்தபோது எடுத்த அளவு அவரிடம் மட்டும்தான் இருந்தது. செய்யாதீர்கள் என்று நான் சொன்னேன். கோபத்தை வைத்துக்கொண்டு மண்ணை அளக்கக் கூடாது, என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்றார். அந்தச் சமயம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காரைமேட்டில் நடவு வேலையைப் பார்த்துக்கொண்ட உள்ளூர் மேஸ்திரி மாரி பைகளில் மண் எடுத்துக் கட்டிக் கொடுத்தார். திட்டக்காரர்கள் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தார். காடு இருந்தபோது இருந்ததைவிடக் கரிமம் கூடுதலாக வந்தது. நம்ப முடியாமல் மறுபடி சோதித்தார். மறுபடியும் அதேதான். வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நான்தான் தப்பா நெனச்சுட்டேன் போல அண்ணாச்சி” என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

நடக்க ஆரம்பித்ததும் முதல் காரியமாக ஆட்டோ பிடித்துக் காரைமேட்டுக்குப் போகலாம் என்றார். கூடப் போனேன். கன்றுகள் தோளுயரம் இருந்தன. இடையில் தரை ஓடு மாதிரி வெடித்திருந்தது. மாரி ஓடிவந்து இளநீர் வெட்டினார். மண் எங்கே எடுத்தாய் என்று அம்மா கேட்டார்.

மாரிக்குப் பெருமை தாங்கவில்லை. “நல்ல மண்ணா பாத்துத்தான் எட்தாந்தேன் மேடம். எல்லாமே மரத்தாண்ட தோண்டனது. நடுவுல இன்னா கீது, வெறும் சரள. அத்த கொண்டாந்து உங்க கைல குட்தா ஊர் மானம் இன்னாத்துக்கு ஆவும்?”

இதை வெளியூர்க்காரர்கள் ஏமாற்று என்பார்கள். இல்லை. எங்கள் பக்கம் மண்ணைக் காட்டு என்று யார் கேட்டாலும் அப்படித்தான் காட்டுவோம். பெண் கொடுக்க வருகிறவர் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போவோம். மண் பரிசோதனைக்குக் கொடுத்து அனுப்பு என்றால் எருக்குழி ஓரத்தில் இருந்து அள்ளுவோம். விருந்தாளிக்கு உடைந்த அரிசியைப் போடுவோமா? மாரி மரியாதைதான் செய்தார். அவர் அள்ளிக் கொடுத்தது குழிக்குள் கொட்டிய வண்டலையும் சாணத்தையும். அம்மா அளந்ததும் அதைத்தான்.

அவர் மாரியைத் திட்டவில்லை. மெல்ல, கம்பை ஊன்றி, இரண்டு மரத்துக்கு நடுவில் அந்த வெடித்த தரையில் உட்கார்ந்தார். உட்கார நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

“உம் மேல தப்பு இல்ல மாரி. எங்க எடுக்கணும்னு நான்லா சொல்லியிருக்கணும். மண்ணுல நல்லது மட்டும் எடுத்தா அது பொய் சொல்லும்யா. கெட்டதையும் சேத்து எடுத்தாத்தான் உண்மை” என்றார்.

மாரி வெட்டிய இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இப்ப எங்க தோண்டணும், சொல்லு மேடம்” என்றார். அவரும் நானும் தோண்டினோம். மேடு முழுக்க, மரத்தடியிலும் இடைவெளியிலும், அம்மா கம்பை நீட்டிய இடத்திலெல்லாம் எடுத்தோம். அதைச் சோதித்தபோது, காடு இருந்த மண்ணைவிட மிகவும் குறைவாக வந்தது. பல காலம் மூடிக் கிடந்ததை ஓர் உழவில் திறந்துவிட்டார்கள். நட்ட மரம் நிழல் கட்டிச் சருகு கொட்டி அதை ஈடுகட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். “நாம பாக்க மாட்டோம்” என்றார்.

புதிய அளவுகளோடு திட்டக்காரர்களின் அலுவலகத்துக்குப் போனோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, கண்ணாடிக் கட்டடம். மேலாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். அறிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, அதில் உள்ளது நீங்கள் கொடுத்த அளவுதானே மேடம், இதை அடுத்த அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். “அடுத்ததுல இல்ல தம்பி, இதுல” என்றார் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார். திரும்ப இறங்கும்போது லிஃப்ட் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தேன். ஏதோ மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி இருந்தோம். அதன் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வரும். நன்றி என்று வரும். வேறொன்றும் வராது.

அப்போதுதான் கல்மேட்டு விஷயம் தெரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், காரைமேட்டைவிடப் பெரிய புதர்க்காடு. அதையும் தரிசு என்று எழுதி, அதே வேலையைச் செய்ய அனுமதி வாங்குகிறார்கள். ஆதாரமாக வைத்திருப்பது காரைமேட்டு அறிக்கை. அதாவது அம்மாவின் கையெழுத்து.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது. நித்யா வெளியே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். கல்மேட்டுக்கு மிஷின் வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “வந்தா எம் பேரச் சொல்லி நிறுத்துங்க அண்ணாச்சி. அந்தப் பேர வச்சுத்தான வாராங்க.”

சரி என்றேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

சுடுகாட்டில் அந்த மேலாளரும் வந்திருந்தார். பெரிய மாலை கொண்டுவந்தார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எனக்குத்தான் ஒன்றும் வரவில்லை. காலில் மணல் சுட்டது, அது மட்டும் தெரிந்தது. அவர் என் பக்கத்தில் வந்து, “ஐயா, மேடம் பேர்ல ஒரு காடே வரப்போகுது. கல்மேட்டுல. வசந்தகுமாரி நினைவு வனம்” என்றார்.

“அங்க ஏற்கெனவே ஒரு காடு கீதே தம்பி” என்றேன்.

“அது வெறும் புதர்தானே ஐயா” என்றார்.

மாரி எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “தம்பி, மேடம் இருந்தா இந்நேரம் அந்தப் புதராண்ட குந்திகினு இருக்கும். உன் மிஷின் அது மேலதான் ஏறணும்” என்றார். மேலாளர் அதையும் ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. இன்றைக்கு இறந்தவர் பெயரில் கன்று நடாத ஊர் இல்லை. கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கன்று கொடுக்கிறார்கள். கன்றைக் கையில் வாங்கியவர்கள் யாரும் அது எங்கே போகப்போகிறது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. உங்களில் பலருக்கு அழைப்பு வந்திருக்கும். அம்மாவின் காரியம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு ஒரு கன்று நட வேண்டுமாம். நடுவதற்கு முன்னால், அன்று காலையிலேயே மிஷின் விட்டு ரோட்டோரமாக ஒரு பகுதியைச் சுத்தம் செய்துவிடுவார்களாம். சுத்தம் என்று அச்சடித்தே இருக்கிறார்கள்.

அவருடைய இரும்புக் குழாயை நித்யா என்னிடம் கொடுத்துவிட்டாள். வாய் மழுங்கியிருக்கிறது, அடிவாங்கி வாங்கித் தலை பூப்போல விரிந்திருக்கிறது. அது என்னிடம் இருக்கும். கட்டை பிடுங்காத அந்த ஒரு வரிசையும் இருக்கும். உட்கார்ந்த பிறகுதான் பேசுவது என்ற பழக்கத்தை வைத்துக்கொள்ள எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது. முயற்சி செய்வேன்.

இனி செய்ய வேண்டியவை.

திட்டக்காரர்கள், காரைமேட்டு அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். மேடு முழுக்க மண் எடுத்து அம்மா சோதித்த அளவுகளோடு புதிதாக எழுத வேண்டும். முடியாது என்றால் அவர் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊராட்சித் தலைவர், கல்மேட்டுக்குக் கொடுத்த தீர்மானத்தைக் கூட்டம் கூட்டி ரத்து செய்ய வேண்டும். காப்பி வேண்டாம்.

வருவாய்த் துறை அதிகாரிகள், பதிவில் தரிசு என்று எழுதும் முன் ஒரு முறை நேரில் வந்து உள்ளே நடக்க வேண்டும். வேட்டியோ பேண்ட்டோ கிழியும். கிழிந்தால் அது தரிசு இல்லை.

கம்பெனிக்காரர்கள் மரம் நட வேண்டுமென்றால், உழுது கைவிட்ட நிலம் தேரோடும் அகலத்துக்கு இந்த மாவட்டம் முழுக்கக் கிடக்கிறது. அங்கே நடட்டும். நானே கன்று தருகிறேன்.

நித்யா, அம்மாவின் பெயரை அந்த வனத்துக்கு வைக்கச் சம்மதம் கேட்டு வருவார்கள். கொடுக்காதேம்மா.

அவரைத் தெரிந்தவர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை கல்மேட்டுக்குக் கட்டாயம் வாருங்கள். கன்று வாங்காதீர்கள். வெறுங்கையோடு வந்து, புதர் ஓரமாக, மிஷின் வருகிற வழியில் தரையில் உட்காருங்கள். நான் விடியும்போதே அங்கே இருப்பேன்.

என் சவுக்குத் தோப்பில் வேர்க்கட்டையைப் பிடுங்குவதா விடுவதா என்பது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. அதில் நீங்கள் யாரும் தலையிட வேண்டாம்.

மாரி, திரும்பவும் உன்னைத்தான் மண் எடுக்கச் சொல்வார்கள். போ. எடு. இந்த முறை கெட்ட மண்ணையும் சேர்த்து எடு.